கண்ணால் எழுதிய முதல் சொல்

செருப்பு ஒன்று வாசலிலேயே கழன்று கிடக்க, அது தெரியாமல் நண்பன் பட்டறைக்குள் நடந்து வந்தபோது நாங்கள் சிரித்தோம். இரண்டு வாரங்களுக்கு முன் வந்த வயிற்றுப்போக்கின் அசதி என்றே அவன் நினைத்தான். முதலில் பார்த்த மருத்துவரும் சத்து ஊசி போட்டு அனுப்பிவிட்டார். மறுநாள் மாலை அவனால் படியேற முடியவில்லை. பெரிய மருத்துவமனையில் முழங்காலைச் சிறு சுத்தியலால் தட்டிப் பார்த்தார்கள்; கால் துள்ளவே இல்லை. கில்லன் பாரே நோய் என்றார்கள். கிருமியை எதிர்க்கக் கிளம்பிய உடலின் எதிர்ப்பாற்றல் ஆள் தெரியாமல் நரம்புகளையும் தாக்குவதால் வருவது இது. பெரும்பாலும் காலில் தொடங்கி மேலே ஏறும்.

மூச்சுத் தசைகளும் தளர்கின்றனவா என்று அறிய, ஒரே மூச்சில் அவன் எத்தனை வரை எண்ணுகிறான் என்பதை அன்றிரவு நானும் ஒரு தாளில் குறித்துக்கொண்டே இருந்தேன். எட்டு மணிக்கு 28, பதினொன்றுக்கு 17, விடியுமுன் 9. அதன்பின் வென்டிலேட்டர் வைத்தார்கள். எடையில் கிலோவுக்கு 0.4 கிராம் வீதம், 70 கிலோ உடம்புக்கு நாளொன்றுக்கு 28 கிராம் இம்யூனோகுளோபுலின், அதாவது பிறர் இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த எதிர்ப்புப் புரதம், ஐந்து நாள்கள் ஏறியது. அதற்கான பணத்தைப் புரட்டிய கதை தனி.

முகத் தசைகளும் செயலிழந்திருந்ததால் அவன் உணர்வின்றிக் கிடப்பதாக எண்ணிய உறவினர்கள், கட்டிலருகிலேயே நின்று, "இனி தேறுவானா?" என்று பேசிக்கொண்டார்கள். அவனுக்கு எல்லாமே கேட்டது. விழியை மட்டும் மேலே உயர்த்த முடிந்தது; அதையே 'ஆம்' என்று வைத்துக்கொண்டோம். 247 எழுத்துகளை ஒவ்வொன்றாகக் காட்டினால் பொழுது போதாது என்பதால், வல்லினமா, மெல்லினமா, இடையினமா என்று முதலில் கேட்டு, பிறகு அந்த ஆறில் எது, அதன்மேல் எந்த உயிர் என்று கேட்டேன். பள்ளியில் அடி வாங்கிப் படித்த இலக்கணம் அங்கேதான் உதவியது. பத்து நிமிடங்களில் முதல் சொல் வந்தது: முதுகு. புரட்டிப் பார்த்தால், விரிப்பு நான்காக மடிந்து அடியில் உறுத்திக்கொண்டிருந்தது.

நான்காவது வாரம் வென்டிலேட்டரை எடுத்தார்கள். தோளும் இடுப்பும் முதலில் தேறின. பாதம் கடைசிவரை தொங்கியே இருந்தது. நரம்பு மீண்டும் வளர வேண்டிய இடத்தில் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான் வளரும் என்று இயன்முறை மருத்துவர் சொல்லியிருந்தும், மூன்றாம் மாதத்தில், "இன்னும் ஒரு சுற்று" என்று நான் அவனை வற்புறுத்தி நடக்கவைத்தேன். அடுத்த இரண்டு நாள்கள் அவனால் தேநீர்க் குவளையைக்கூடத் தூக்க முடியவில்லை. களைப்பு வருமுன் நிறுத்துவதே பயிற்சி என்று அவர் கடிந்துகொண்டது என்னைத்தான், அவனை அல்ல.

பதினொன்றாம் மாதம், பின்வார் வைத்த செருப்பை விட்டுவிட்டுப் பழைய ரப்பர் செருப்போடு பட்டறைக்கு வந்தான். பாதி வழியில் இடது கால் செருப்பு கழன்றது. நின்று, திரும்பிப் பார்த்து, விரலால் துழாவி அவனே மாட்டிக்கொண்டான்.