பாலையூற்று மாதாவிடம் ஒரு பின்னேரம்

தவக்காலத்தின் முதல் திங்கட்கிழமை. வேலை முடிந்ததும் நேரே திருகோணமலைப் பாலையூற்று லூர்து மாதா கோயிலுக்குப் போனேன். மாதா சுரூபம் இருக்கும் குகை போன்ற கெபிக்கு முன்னால் ஓர் அம்மா மெழுகுதிரி ஏற்றிக்கொண்டிருந்தார். நெற்றியில் திருநீறு. செருப்பைத் தள்ளிக் கழற்றி வைத்திருந்தார். காற்றில் திரி இரண்டு தரம் அணைந்தது. மூன்றாம் தரம் சேலைத் தலைப்பால் மறைத்துப் பிடித்தார். உருகிய மெழுகு விரலில் வழிந்தும் கையை எடுக்கவில்லை.

"பிள்ளைக்குச் சோதினை, தம்பி. மாதாட்டச் சொல்லிப்போட்டுப் போக வந்தனான்" என்றார்.

என் அம்மம்மா கடைசிவரை "அர்ச்சிஷ்ட மரியாயே, சர்வேசுரனுடைய மாதாவே" என்றுதான் செபமாலை சொன்னார். இன்று நாங்கள் தூய ஆவி என்பதை அவர் இஸ்பிரீத்து சாந்து என்பார். பக்கத்து வீட்டு மெதடிஸ்த குடும்பத்துக்கு அது பரிசுத்த ஆவி. அர்ச்சிஷ்ட என்ற சொல்லில் அர்ச்சனையின் வாசம் இருக்கிறது. தூய என்றால் அழுக்கில்லாதது. எபிரேய மொழியின் 'கதோஷ்' என்ற சொல்லுக்கோ வேறாகப் பிரித்து வைக்கப்பட்டது என்று பொருள். இறைவாக்கினர் எசாயா கண்ட காட்சியில் சேராபீன்கள் என்ற வானதூதர்கள் மூன்று தரம் பாடுவது அந்தச் சொல்லைத்தான். அதையே நாங்கள் ஒவ்வொரு பூசையிலும் பாடுகிறோம்.

அந்தப் பொருள் எனக்கு நெடுநாளாகப் பயமாக இருந்தது. ஒன்றைப் பிரித்து வைத்தால் மற்றதெல்லாம் தீட்டா? 'சாந்து' என்ற சொல்லை எங்களுக்குத் தந்த போர்த்துக்கீசர்தான் 1622இல் கோணேசர் கோயிலை இடித்தார்கள். அதன் கற்கள் கோட்டைச் சுவராயின. திருகோணமலையில் பிறந்த கத்தோலிக்கன் இதை மறந்துவிட்டுப் புனிதம் பற்றிப் பேசக்கூடாது என்பது என் எண்ணம்.

மாதா காட்சி கொடுத்த பிரான்சின் லூர்து குகையும் அப்படிப் பிரித்து வைத்த இடமாக இருக்கவில்லை. பன்றி மேய்க்கிறவர்கள் ஒதுங்கிய இடம் அது. 1858இல் அந்தக் காட்சியைக் கண்ட சிறுமி பெர்னதெத் அங்கே கையால் தோண்டியபோது முதலில் வந்தது சேற்றுத் தண்ணீர். அதைத்தான் அவள் குடித்தாள். ஊற்று தெளிந்தது அப்புறம்தான். எங்கள் ஊரின் பெயரிலும் ஓர் ஊற்று இருப்பதை நினைத்துக்கொண்டேன்.

வாங்கில் உட்கார்ந்து, போனில் அன்றைய வாசகத்தை எடுத்தேன். விவிலியத்தில் லேவியர் நூல், 19ஆம் அதிகாரம். 'நான் தூயவர், ஆகவே நீங்களும் தூயோராய் இருங்கள்' என்று தொடங்குகிறது. அடுத்துப் பலிபீடமும் தூபமும் வரும் என்று பார்த்தால், களவெடுக்காதே, செவிடனைச் சபிக்காதே, குருடன் வழியில் தடை வைக்காதே என்று போகிறது. நடுவில் ஒரு வரி: கூலியாளின் கூலியை விடியும்வரை உன்னிடம் வைத்திருக்காதே.

அதற்கு மேல் வாசிக்க முடியவில்லை. சனிக்கிழமை என் வீட்டு வேலி அடைத்தவருக்குப் பாதிக் காசுதான் கொடுத்திருந்தேன். மிச்சத்தைச் சம்பளம் வந்ததும் தருகிறேன் என்றபோது அவர் "சரி ஐயா" என்று தலையாட்டிவிட்டுப் போனார். இரண்டு இரவு கடந்துவிட்டது. காசு என் சட்டைப் பையிலேயே இருந்தது.

மாதாவுக்கென்று வாங்கிய மெழுகுதிரியை அந்த அம்மாவிடம் கொடுத்துவிட்டு எழும்பினேன். வேலி அடைத்தவருடைய வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது பொழுது படவில்லை. அவர் கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்தார்.