மதிப்பெண்ணைத் தவிர வேறொன்றும் கேட்காத சபை

காரைக்குடிப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களில் 15 வயதுப் பிள்ளையிடம் எதிர்பார்ப்பது குறைவு என்று சொன்னால், பெற்றோர் சண்டைக்கு வருவார்கள். விடியற்காலையில் ஒரு டியூஷன், மாலையில் இன்னொன்று, பத்தாம் வகுப்பில் 500-க்கு 480 வராவிட்டால் வீட்டில் அடுப்பு எரியாது என்கிற அளவுக்குக் கெடுபிடி. ஆனால் அந்த ஒன்றைத் தவிர அப்பிள்ளையிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. ஆலயத்துக்கு வந்தால் நாற்காலி எடுத்துப் போடச் சொல்வோம், கிறிஸ்துமஸுக்கு ஒரு நடனம், அத்துடன் சரி. ஞாயிறு பள்ளியின் மூத்த வகுப்பை நடத்துகிறவன் என்பதால், இதில் என் பங்கும் இருக்கிறது.

எனக்குப் புரியாதது இதுதான். சபையின் முழு உறுப்பினராக்கும் திடப்படுத்தல் வகுப்பில் மாதக்கணக்கில் படிக்க வைத்து, பேராயர் தலைமேல் கை வைத்து ஜெபித்து, திருவிருந்தில் பெரியவர்களோடு முழங்காலிட அனுமதித்த ஒரு பிள்ளையை, அடுத்த ஞாயிறே ‘சின்னப் பசங்க’ என்று பின்வரிசைக்கு அனுப்பிவிடுகிறோம்.

வாலிபர் முகாம் பதாகைகளில் தவறாமல் இடம்பெறுவது, இளமையைக் குறித்து ஒருவனும் உன்னை அசட்டைபண்ணாதபடிக்கு நட என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய வசனம். அப்போது தீமோத்தேயு நம் பிள்ளைகளின் வயதைத் தாண்டியவராகவே இருந்திருப்பார் என்று வேத அறிஞர் பலர் கருதுகிறார்கள். என் வகுப்புக்கு யோசியாவே பொருத்தமானவன். 8 வயதில் அரசனானவன், 16 வயதில் தேவனைத் தேடத் தொடங்கி, 20 வயதில் நாட்டிலிருந்து விக்கிரகங்களை அகற்றப் புறப்பட்டான் என்கிறது வேதாகமத்தின் நாளாகமம். பாரிஸ் பார்வையற்றோர் பள்ளியில் படித்த லூயி பிரெய்ல், 1824-இல் தம் 15 வயதிலேயே புள்ளி எழுத்து முறைக்கு உருவம் கொடுத்துவிட்டார். பிற்காலத்தில் தேவாலயங்களில் ஆர்கன் வாசித்தவரும் அவர்தாம்.

அவ்வளவு தூரம் போவானேன்? இந்தச் செட்டிநாட்டு மண்ணுக்கு இது புதிய செய்தியே அன்று. பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் வட்டிக்கடை நடத்திய நகரத்தார், மீசை முளைக்காத பையன்களைப் பெட்டியடியில் உட்கார வைத்துத்தான் தொழில் பழக்கினார்கள். பெட்டியடிப் பையன் கடை கூட்டினான், எடுபிடி வேலை செய்தான். கூடவே பேரேடு எழுதவும் வட்டி கணக்கிடவும் கற்று, அடுத்தாளாகி, திறமை இருந்தால் கடையையே நடத்தும் மேலாளும் ஆனான். தாயைப் பிரிந்து ஆண்டுக்கணக்கில் கடல் கடந்து கிடந்த அந்தச் சிறுவர்களின் வாழ்க்கையை நான் மெச்சவில்லை. அது இன்று யார் பிள்ளைக்கும் வர வேண்டாம். ஆனாலும் பணப்பெட்டியருகே ஒரு சிறுவனை உட்கார வைக்க அவர்களுக்கு இருந்த துணிவு, உண்டியலைத் திறக்கும்போது பிள்ளைகளை வெளியே போய் விளையாடச் சொல்லும் நம் சபைகளுக்கு இல்லை.

சபையார் காணிக்கையாகக் கொண்டுவரும் பொருள்களை ஏலம் விடும் ஸ்தோத்திரப் பண்டிகையில், சென்ற முறை ஏலக் கணக்கைப் பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தியிடம் கொடுக்கலாம் என்று நான் சொன்னபோது, கமிட்டியில் இருவர் முகம் சுளித்தார்கள். போதகர் சம்மதித்தார். கைப்பிடி அரிசி, வாழைத்தார், தேங்காய், கால் கட்டப்பட்ட ஒரு சேவல் எல்லாம் மேசைமேல் ஏறி இறங்க, அவள் கோடு போட்ட நோட்டில் பொருள், எடுத்தவர் பெயர், தொகை, செலுத்தியது, பாக்கி என்று ஐந்து பத்தி பிரித்து எழுதிக்கொண்டே வந்தாள். கூச்சல் மிகுந்து தொகை காதில் விழாதபோது, ஏலம் விடுபவரை நிறுத்தி இன்னொரு தரம் சொல்லச் சொன்னாள். முந்தைய ஆண்டின் நோட்டையும் கேட்டு வாங்கிப் பக்கத்தில் வைத்திருந்தாள் என்பது, சபையில் செல்வாக்குள்ள பெரியவர் ஒருவர் சேவலை ஏலத்தில் எடுத்தபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

“தாத்தா, போன வருசத்துத் தேங்காய்க்கு 280 ரூபாய் பாக்கி இருக்கு. அதையும் சேர்த்து எழுதிக்கட்டுங்களா?” என்றாள்.

பெரியவர் ஒரு கணம் திகைத்துப் பிறகு சிரித்துவிட்டார். பணம் அங்கேயே வந்தது. அவரிடம் அதைக் கேட்கும் தைரியம் எங்கள் கமிட்டியில் ஒருவருக்கும் அதுவரை வந்ததில்லை. அந்தப் பெண் அரையாண்டுத் தேர்வில் கணிதத்தில் சுமாரான மதிப்பெண் எடுத்தவள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மதிப்பெண்ணை வைத்தே பொறுப்பை நிறுக்கிறவர்கள் அதைத் தெரிந்துகொள்வது நல்லது.

எல்லாப் பிள்ளைகளும் இப்படித் தேறிவிடவில்லை. ஒலிபெருக்கிப் பொறுப்பை ஏற்ற பையன் இரண்டாம் வாரமே வராமல் போனான். பெரியவர் ஒருவர் அப்படி நின்றிருந்தால் அவரை நேரில் கேட்டிருப்போம். பையன் என்பதால் “விடுங்க, வயசு அப்படி” என்று மன்னித்தோம். அந்த மன்னிப்பில் அன்பைவிட அலட்சியமே அதிகம் என்று நினைக்கிறேன். அவன் வீட்டுக்குப் போய் ஏன் வரவில்லை என்று கேட்டபோது, தான் வராததை யாராவது கவனித்தார்களா என்பதே அவனுடைய கேள்வியாக இருந்தது. இப்போது வருகிறான்.

கோடை விடுமுறை வேதாகமப் பள்ளிக்கான வரவு செலவுத் திட்டத்தை இம்முறை மூத்த வகுப்பே எழுதிக் கமிட்டியிடம் கொடுத்திருக்கிறது. சிற்றுண்டிச் செலவைக் கமிட்டி பாதியாக வெட்டியது. எந்தக் கணக்கில் வெட்டினீர்கள் என்று அவர்கள் எழுத்து மூலம் கேட்டிருக்கிறார்கள். பதில் சொல்லப் பொருளாளர் ஒரு வாரம் தவணை வாங்கியிருக்கிறார்.