யூரேகாவின் கதவுகளும் எங்கள் கான்கிரீட்டும்

எங்கள் மொரீஷியஸ் தீவில், மோக்கா ஊரில் இருக்கும் யூரேகா என்ற பழைய மரவீட்டைப் பற்றி யார் பேசினாலும் முதலில் கதவு ஜன்னல் கணக்கைத்தான் சொல்வார்கள், மொத்தம் 109. கேட்பவர்களும் "சரி, பணக்கார வீடு" என்று நகர்ந்துவிடுகிறார்கள். எனக்கென்னவோ அது ஆடம்பரமாகத் தெரியவில்லை. இந்தப் பக்கம் ஒரு கதவைத் திறந்தால் எதிர்ப்பக்கம் இன்னொன்று, நடுவில் காற்று தடையில்லாமல் ஓடும். அகலமான வராங்க், அதாவது கூரை போட்ட தாழ்வாரம், இருப்பதால் உச்சி வெயில் சுவர்மேல் விழாது, மழை பெய்தாலும் கதவைச் சாத்த வேண்டாம்.

1830 வாக்கில் கட்டியது. விக்டோரியா ராணி பட்டத்துக்கு வந்ததே 1837இல்தான், அதனால் விக்டோரியா கால வீடு என்றால் யாராவது சண்டைக்கு வரலாம். ஆனால் லெ க்ளெசியோ குடும்பம் 1856இல் ஏலத்தில் எடுத்து அங்கே வாழ ஆரம்பித்தது அந்த ராணி காலத்தில்தானே.

சமையலறை மட்டும் தள்ளி, தனியாகக் கல்லில் கட்டியிருக்கிறார்கள். மரவீடு, விறகடுப்பு, நெருப்புப் பயம். மோக்கா மழையில் சூடு ஆறாமல் சாப்பாட்டை வீட்டுக்குள் கொண்டு போனவர்கள் பாடு எப்படி இருந்திருக்கும்!

துரைமார்கள் மட்டும்தான் இப்படிக் கட்டினார்கள் என்றில்லை. 1860களின் பிற்பாதியில் தலைநகர் போர்ட் லூயியில் மலேரியா ஆட்டிப் படைத்தபோது வசதி உள்ளவர்கள் மேட்டுப் பக்கம் ஏறினார்கள், புதிதாக வந்த ரயிலும் தோதாக இருந்தது, கியூர்பிப் பக்கமெல்லாம் வராங்க் வைத்த மரவீடுகள் பெருகின. அப்புறம் சின்ன வீடுகளுக்கும் அதே அமைப்பு வந்துவிட்டது. ரோஸ் ஹில்லில் பாட்டி வீடும் மரமும் தகரமும்தான் என்று அம்மா சொல்லுவாள், கூரை விளிம்பில் பூவேலை வெட்டிய லாம்ப்ரெக்கென் என்ற அலங்காரப் பட்டை, முன்னால் நாலு பேர் உட்கார ஒரு வராங்க், தைப்பூசக் காவடிக்குப் பூ கட்டுவது, வம்பு பேசுவது எல்லாம் அங்கேதான்.

1960 பிப்ரவரியில் கரோல் புயல் வந்தது. எத்தனையோ மரவீடுகள் போய்விட்டன, அதன்பின் தீவு முழுக்கக் கான்கிரீட். அதைக் குறை சொல்ல மனம் வராது, அந்த ராத்திரியைக் கண்டவர்களுக்குத்தான் பயம் தெரியும். ஆனாலும் இந்தத் தட்டைக் கூரை பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு ராத்திரி முழுக்க நம்மேல் கக்குகிறதே? கான்கிரீட் கட்டினால் வராங்க் வைக்கக் கூடாது என்று யார் சொன்னது?

சித்தப்பா மகன் இப்போது காத்ர் போர்னில் வீடு கட்டுகிறான். முன்னால் ஆறடி விடுடா, எதிரும் புதிருமாகக் கதவு வை என்று சொன்னேன். "அப்போ காரை எங்கே நிறுத்துவது அண்ணா?" என்கிறான்.