சம்பளச் சராசரி ஏறினால் சம்பளம் ஏறியதாகுமா?

2020 ஏப்ரலில் அமெரிக்காவில் ஒரே மாதத்தில் 2 கோடிக்கும் மேற்பட்ட வேலைகள் பறிபோயின. அதே மாதம் தனியார் துறையின் சராசரி மணிக்கூலி 1.34 டாலர் ஏறி 30.01 டாலரானது என்று முதல் அறிக்கை சொன்னது. கணக்கில் பிழை இல்லை. உணவகம், விடுதி, கடை என்று குறைந்த கூலிக்கு உழைத்தவர்கள்தான் பெருவாரியாகப் பட்டியலிலிருந்து விழுந்தார்கள். மிச்சம் இருந்தவர்களின் சராசரி தானாக மேலே போனது.

கையால் போட்டுப் பார்த்துவிடலாம். பத்துப் பேரில் ஆறு பேருக்கு 100, நான்கு பேருக்கு 300. சராசரி 180. நூறு வாங்கியவர்களில் மூவருக்கு வேலை போகிறது. மீதி ஏழு பேரின் சராசரி 214. யாருக்கும் சல்லிக்காசு கூடவில்லை, ஆனாலும் 19 சதவீத உயர்வு! "சராசரியை விடுங்கள், இடைநிலையைப் பாருங்கள்" என்று சொல்வது வழக்கம். சம்பளங்களை வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பதுதான் இடைநிலை. இங்கே அதுவும் கைகொடுக்காது: இடைநிலை 100இலிருந்து 300க்குத் தாவிவிடும். ஓரிரு பெரும் சம்பளங்கள் கணக்கை இழுப்பதைத்தான் இடைநிலை தடுக்கும். ஆட்கள் மாறிப்போவதை அல்ல. அதற்கு ஒரே வேலையின் கூலியைத் தொடர்ந்து பின்பற்றும் குறியீடு வேண்டும். ஆஸ்திரேலியாவின் கூலி விலைக் குறியீடு அந்த வகை. அதே நாட்டின் சராசரி வாரச் சம்பளத் தொடர் அந்த வகை இல்லை. செய்திகளில் இரண்டையும் ஒன்றாகக் குழப்புவது ஓயாத தொல்லை.

அடுத்த சிக்கல் வேலைநேரம். வாரத்துக்கு 8,000 சம்பளம், 40 மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். அந்த வாரத்தில் ஒரு நாள், 8 மணி நேரம், சம்பளத்தோடு விடுப்பு. சம்பளம் கொடுக்கப்பட்ட நேரத்தால் வகுத்தால் மணிக்கு 200. உழைத்த நேரத்தால் வகுத்தால் 250. இரண்டும் சரி, கேள்விதான் வேறு. 2008இல் வகுத்த சர்வதேச வரையறைப்படி, உண்மையில் உழைத்த நேரத்தில் இயந்திரம் பழுதாகிக் காத்திருந்த நேரமும் தேநீர் இடைவேளையும் சேரும். சாப்பாட்டு இடைவேளை, வீட்டிலிருந்து வேலைக்குப் போய்வரும் நேரம், விடுப்பு சேராது. நிறுவனங்களிடம் கேட்கும் கணக்கெடுப்பில் பெரும்பாலும் கிடைப்பது சம்பளம் கொடுத்த நேரம். வீடுகளில் கேட்டால் ஆட்களின் நினைவிலிருந்து வரும் நேரம், அதில் 40, 48 என்று முழு எண்கள் குவிந்து கிடக்கும். ஒன்றின் சம்பளத்தை மற்றதன் நேரத்தால் வகுக்கவே கூடாது.

அட்டவணையின் அடிக்குறிப்பையும் விடாதீர்கள். பிரிட்டனின் வருடாந்திரச் சம்பளக் கணக்கெடுப்பு வரிப்பதிவிலிருந்து சுமார் 1 சதவீத வேலைகளை எடுத்து ஏப்ரல் மாதச் சம்பளத்தைக் கேட்கிறது. சுயதொழில் செய்வோர் அதில் இல்லை. வாரத்துக்கு 30 மணி நேரத்துக்கு மேல் என்றால்தான் முழுநேரம். ஆசிரியர்களுக்கு மட்டும் 25. இந்தக் கோடு வேறு நாட்டில் வேறு இடத்தில் விழும், ஆகவே பகுதிநேர விகிதத்தை நாட்டுக்கு நாடு நேரடியாக ஒப்பிட முடியாது. விலைவாசியைக் கழிப்பதும் வகுத்தல்தான்: கூலி 6, விலை 5 சதவீதம் ஏறினால் 1.06 ÷ 1.05 = 1.0095, அதாவது 0.95 சதவீத உயர்வு; வெறுமனே கழித்தால் 1. சின்ன எண்களில் வித்தியாசம் தெரியாது. பணவீக்கம் 20ஐத் தாண்டினால் பல்லிளிக்கும்.

மக்கள்தொகைக்கு இங்கே என்ன வேலை? வீட்டுக் கணக்கெடுப்பில் ஒவ்வொரு பதிலும் சில நூறு, சில ஆயிரம் பேருக்குப் பிரதிநிதி. அந்த எடையைத் தீர்மானிப்பது மக்கள்தொகை மதிப்பீடு: பழைய தொகை, அதோடு பிறப்பு, கழித்தல் இறப்பு, கூட்டல் வந்தவர்கள், கழித்தல் போனவர்கள். பிறப்பும் இறப்பும் பதிவாகிவிடும் நாடுகளில்கூட இடம்பெயர்வு பெரும்பாலும் ஊகம்தான். தவறும் அங்கேதான் சேரும். 2025 ஜனவரியில் அமெரிக்கா குடியேற்ற மதிப்பீட்டைத் திருத்தியபோது வயது வந்தோர் தொகை 29 லட்சம் கூடியது, வேலையில் இருப்போர் எண்ணிக்கை சுமார் 20 லட்சம் கூடியது. அந்தத் திருத்தத்தால் ஒருவரும் புதிதாக வேலைக்குச் சேரவில்லை. வேலையின்மை வீதமோ அசையவே இல்லை என்று சொல்லலாம். பின்னத்தின் மேல் எண்ணும் கீழ் எண்ணும் சேர்ந்தே ஏறியதால். எனவே டிசம்பரையும் ஜனவரியையும் ஒப்பிட வேண்டியிருந்தால் வீதங்களை எடுங்கள். தலைக்கணக்குதான் வேண்டுமென்றால், திருத்தத்தின் அளவைத் தனியாக வெளியிட்டிருக்கும் அட்டவணையைத் தேடி, அதைக் கழித்துவிட்டுப் பாருங்கள்.