ராப்பை உரித்துவிட்டு விற்பதா, அப்படியே விற்பதா?

கோயமுத்தூர் அவிநாசி ரோட்டில் பழைய பென்ஸ், ஆடி, பி.எம்.டபிள்யூ பார்க்க வருகிறவர் வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு, "பெயின்ட் ஒரிஜினலுங்களா?" என்றுதான் ஆரம்பிப்பார். அழகுக்குச் செய்த மாற்றங்களை விற்குமுன் கழற்ற வேண்டுமா என்று யோசிக்கும்போது இந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வாங்குபவர் பார்க்க விரும்புவதை மறைக்கும் எதையும் எடுத்துவிட வேண்டும். தகட்டில் துளை போட்டுச் செய்ததை மட்டும் அவசரத்தில் பழையபடி ஆக்கக் கூடாது. பட்டி பார்த்து அடித்த புது பெயின்ட்டைப் பார்த்தால் விபத்து வண்டியோ என்ற சந்தேகம்தான் வரும்.

முதலில் கலர் ராப், அதாவது வண்டி முழுக்க ஒட்டும் வண்ண வினைல் ஸ்டிக்கர். ஆர்.சி.யில் வெள்ளை என்று இருக்கும் வண்டி மேட் கறுப்பில் நின்றால் காகிதமும் வண்டியும் பொருந்தாது. அதைவிடப் பெரிய சிக்கல், ராப்புக்கு அடியில் டிங்கரிங் ஒளிந்திருக்கிறது என்று கணக்குப் போட்டே வாங்குபவர் விலை பேசுவார். ஆகவே கலர் ராப்பை உரித்தே ஆக வேண்டும்.

உரிப்பதற்கு முன், பெயின்ட்டின் தடிமனைக் காட்டும் பெயின்ட் மீட்டர் வைத்து ஒவ்வொரு பேனலையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். கம்பெனி பெயின்ட் பெரும்பாலும் 90 முதல் 150 மைக்ரான் இருக்கும். வினைல் ராப் அதன் மேல் சுமார் 100 கூட்டும். எல்லாப் பேனலும் 220 பக்கம் காட்டி ஒரு ஃபெண்டர் மட்டும் 350 காட்டினால், அது மறுபடி அடித்த பெயின்ட். அங்கேதான் கவனம் வேண்டும். கம்பெனி பெயின்ட் அடுப்பில் வெந்து இறுகியது, லேசில் பிடி விடாது. பட்டறையில் மேலே அடித்த நிறமற்ற பூச்சான கிளியர் கோட் ராப்போடு சேர்ந்து உரிந்து வந்துவிடலாம். அலுமினிய பானட் உள்ள வண்டிக்கு, இரும்பல்லாத உலோகத்தையும் அளக்கும் மீட்டர் தேவை. பிளாஸ்டிக் பம்பரில் சாதாரண மீட்டர் எதுவும் காட்டாது.

உரிக்கும் வேலையை நிழலில் வைத்துக்கொள்ளுங்கள். ஹீட் கன்னோ ஸ்டீமரோ, பேனல் 50, 60 டிகிரிக்கு வந்தால் போதும். ஓரத்தைத் தூக்கி, பேனலை ஒட்டினாற்போலத் தாழ்வாகப் பின்னோக்கி மெதுவாக இழுக்க வேண்டும். நேர் மேலே இழுத்தால் பசை தங்கும், பெயின்ட்டும் கிளம்பும். தங்கிய பசைக்கு ஐசோபுரோபைல் ஆல்கஹால் அல்லது தார் நீக்கும் திரவம் போதும். தின்னர் கூடவே கூடாது. கரூர், ஈரோடு வெயிலில் நாலைந்து வருடம் வெட்டவெளியில் நின்ற ராப் சில்லுச் சில்லாகத்தான் வரும். பானட்டுக்கும் கூரைக்கும் கதவுகளைவிடப் பல மடங்கு நேரம் பிடிக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் போர்த் தண்ணீரில் கழுவிக் காயவிட்டால் உப்பு வெள்ளை வட்டங்களாகப் படிந்துவிடும். சிறுவாணித் தண்ணீர் வரும் வீடாக இருந்தால் அதில் கழுவி உடனே துடையுங்கள். பிறகு ஒட்டிய அழுக்கை எடுக்கும் கிளே பார், ஒரு கை பாலிஷ்.

பெயின்ட்டைக் காக்க ஒட்டும் நிறமில்லாத ஃபிலிமான பி.பி.எஃப். வேறு சங்கதி. மஞ்சளாகாமல், ஓரம் கிளம்பாமல் இருந்தால் விட்டுவிடுங்கள். ஒட்டிய கடையின் பில்லும் வாரண்டி அட்டையும் விலைக்கு உதவும். அந்த ஃபிலிமே 150, 200 மைக்ரான் தடிமன் என்பதால், மீட்டர் கூடுதலாகக் காட்டும் என்பதை வாங்குபவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அடுத்தது வீல். ஒரிஜினல் அலாய் வீட்டில் இருந்தால் அதை மாட்டி விற்று, பெரிய அலாயைத் தனியாக விற்பதுதான் லாபம் என்பது எங்கள் கருத்து. செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே என்ற பந்தயத் தளம் இருக்கிற ஊர் இது. நல்ல அலாய் செட்டுக்கு ஆள் கிடைப்பார்கள், ஆனால் அதே ஆள் உங்கள் வண்டியையும் வாங்குவார் என்று எதிர்பார்க்க முடியாது.

திருப்பி மாட்டும்போது தவறுவது போல்ட்டில்தான். ஆடி, பென்ஸ் ஒரிஜினல் வீலில் போல்ட் உட்காரும் இடம் உருண்டையாக இருக்கும். வெளி அலாய்களில் பெரும்பாலும் கூம்பு. கூம்பு போல்ட்டை உருண்டைக் குழியில் முறுக்கினால் விளிம்பில் மட்டும் பிடித்து, ஓட ஓடத் தளரும். வீலை வெளியே தள்ளி நிறுத்த இடையில் போட்ட ஸ்பேசரைக் கழற்றினால் அதற்கான நீள போல்ட்டையும் மாற்றியாக வேண்டும். இல்லாவிட்டால் வீல் மாட்டும் ஹப்புக்குப் பின்னால் நீட்டிக்கொண்டு உள்ளே இருப்பவற்றில் இடிக்கும். வெளி அலாய்க்காகப் போட்டு ஹப்பில் ஒட்டிக்கிடக்கும் பிளாஸ்டிக் ரிங்கையும் எடுங்கள். இறுக்கத்தை அளந்து முறுக்கும் டார்க் ரெஞ்சில் மேனுவல் சொல்லும் அளவுக்கு முறுக்கி, 50 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுபடி சரிபாருங்கள். காற்றழுத்த சென்சார் எந்த வீலில் இருக்கிறது என்பதும் முக்கியம், அது பெரிய அலாயோடு போய்விடக் கூடாது. மூலையில் கிடந்த டயரின் பக்கவாட்டில் 2319 என்று இருந்தால் அது 2019-இன் 23-ஆம் வாரம் செய்தது. அந்த டயரோடு வண்டியைக் காட்ட வேண்டாம்.

கிரில்லில் ஒரு நுணுக்கம். முன்னால் போகும் வண்டிக்கு ஏற்ப வேகத்தைத் தானே சரிசெய்யும் டிஸ்ட்ரானிக் உள்ள பல பென்ஸ்களில் ரேடார், நட்சத்திரத்துக்குப் பின்னால் இருக்கும். அந்த நட்சத்திரம் ரேடார் ஊடுருவும் பொருளில் செய்தது. வெளிக் கிரில் போட்டு ரேடார் எச்சரிக்கை வருகிறது என்றால் ஒரிஜினலைக் கட்டாயம் திருப்பிப் போடுங்கள். பி.எம்.டபிள்யூ 320டி-யில் ஒட்டிய, அதைவிட வேகமான எம்3 மாடலின் பேட்ஜை யோசிக்காமல் எடுத்துவிடலாம். சூடுகாட்டி, பல் இடுக்கு நூலால் அறுத்தால் கீறல் விழாது. டேப்பில் ஒட்டிய ஸ்பாய்லரும் அப்படித்தான் வரும். டிக்கியில் துளை போட்டு மாட்டியது என்றால் விட்டுவிட்டு, துளை இருப்பதைச் சொல்லி விற்பதே மரியாதை.

உள்ளே நட்சத்திரக் கூரை விளக்கு போட்டிருந்தால் மனமில்லாவிட்டாலும் எடுத்தாக வேண்டும். கூரையின் இரு ஓரங்களிலும் கர்ட்டன் ஏர்பேக் மடிந்து கிடக்கிறது. அதன் வழியில் ஒயர் ஓடக் கூடாது. வெட்டி முறுக்கி டேப் சுற்றிய இணைப்புகளை ஒயரிங் தெரிந்தவரிடம் கொடுத்துச் சரிசெய்யுங்கள்.

சட்டம் தொடர்பானவற்றில் பேரத்துக்கே இடமில்லை. கண்ணாடியில் முன்பின் 70, பக்கவாட்டில் 50 சதவீத வெளிச்சம் உள்ளே வர வேண்டும். கறுப்பு ஃபிலிம், கிராஷ் கார்டு, ஃபேன்ஸி நம்பர் பிளேட் எல்லாம் போகட்டும். வாளையாறு தாண்டி வாங்க வரும் பார்ட்டி என்றால் இன்னும் கண்டிப்பாக இருங்கள், கேரளத்தில் மாற்றிய வண்டிகள்மீது சோதனை அதிகம். வெளி மாநிலத்துக்குப் படிவம் 28-இல் தடையின்மைச் சான்றும் வேண்டும்.

எல்லாம் மாட்டி முடித்ததும் ஸ்கேனர் போட்டு எரர்களை அழித்துவிட்டு, சேலம் வரை ஒருமுறை போய்வாருங்கள். எரர் அழித்தபின் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதை வண்டியே பதிந்து வைத்திருக்கும். நேற்று அழித்த வண்டியை விவரமானவர் தொடமாட்டார். டெலிவரி அன்று பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-உடன், வீல் திருட்டைத் தடுக்கும் லாக் போல்ட்டின் சாவியையும் எடுத்துக் கொடுங்கள்; அது கழற்றிய அலாயின் பெட்டிக்குள் போய்விட்டால், முதல் பஞ்சரில் வாங்கியவர் ரோட்டில் நிற்பார்.