கோங் வீட்டுப் பாக்கு

பாக்கு போடத் தெரியாதவன் என்று என்னை இதுவரை யாரும் சொன்னதில்லை. கல்யாண வீட்டில் சாப்பிட்டுக் கை கழுவியதும் நேரே வெற்றிலைத் தாம்பாளத்தைத் தேடுகிற ஆள் நான். அந்தத் தெம்பில்தான் மேகாலயாவின் சோராவில் ஈரக் குடையைச் சுவரோரம் சாய்த்து வைத்த கையோடு, கோங் நீட்டியதை வாங்கி வாயில் போட்டேன். கால் பாக்கு, ஒரு கிழிசல் வெற்றிலை, அதன்மேல் கீற்றாகச் சுண்ணாம்பு. அவ்வளவுதான்.

ரெண்டு நிமிடத்தில் காது மடல் சுட்டது. நெற்றி வேர்த்தது. வெளியே ஸ்வெட்டர் போடுகிற குளிர்; எனக்கோ பனியன் நனைந்துவிட்டது. தலை லேசாகச் சுற்ற, கிடைத்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டேன். கோங் சிரித்த சிரிப்பில் அடுப்படியிலிருந்து அவர் மகள் எட்டிப் பார்த்தாள்.

நாம் போடுவது காய்ந்த கொட்டைப்பாக்கு. அவர்களுடையது ஈரமான பச்சைப் பாக்கு. க்வாய் என்பார்கள். மழையும் குளிருமான மலையில் உடம்புக்குச் சூடு வேண்டும், அதற்கு இது. வீட்டுக்கு யார் வந்தாலும் தண்ணீருக்கு முன்னால் க்வாய்தான். அந்தக் காலத்தில் தூரத்தைக்கூடப் பாக்கில்தான் சொல்வார்களாம். அந்த ஊருக்கு ரெண்டு பாக்கு தூரம் என்றால், ரெண்டு முறை பாக்கு போட்டு மென்று முடிக்கும் நேரம் நடக்க வேண்டும்.

கோங் என்பது பெயர் இல்லை. காசி மொழியில் அக்கா. இந்தக் காசி கங்கைக்கரைக் காசி அல்ல, மேகாலயாவின் காசி மலை. இதை என் அம்மாவுக்குப் புரியவைக்கவே எனக்கு ஒரு வாரம் ஆனது. "காசியில இருந்து வந்திருக்காங்க, ஒரு சொம்பு கங்காஜலம் கொண்டு வரலியே" என்று குறைப்பட்டுக்கொண்டாள்.

எங்கள் வீடு வேலூரில். சி.எம்.சி.க்கு வைத்தியத்துக்கு வருகிறவர்களுக்கு மாடிப் போர்ஷனை வாடகைக்கு விடுவது எங்கள் பக்கம் சகஜம். வங்காளம், ஜார்க்கண்ட், அசாம், மிசோரம் என்று எங்கிருந்தெல்லாமோ வருவார்கள். மூணு நாள் இருப்பவர்கள் உண்டு, மூணு மாதம் இருப்பவர்களும் உண்டு. வாடகை, தண்ணி மோட்டார், ராத்திரி கேட் பூட்டுகிற நேரம், இதைத் தாண்டி அவர்களோடு எனக்குப் பேச்சு இருந்ததில்லை. வெள்ளையாக, கண் சிறுத்து யார் வந்தாலும் எங்கள் தெருவுக்கு அவர்கள் 'நேபாளக்காரங்க'. கோங் தன் தாயாரை ஆபரேஷனுக்குக் கூட்டிக்கொண்டு வந்து தங்கியபோதும் அப்படித்தான் சொன்னோம். நானும் சொன்னேன்.

நாலாம் நாள் மாடியிலிருந்து ஒரு வாடை இறங்கியது. எலி செத்துக் கிடக்கிறதா பாருங்கள் என்று பக்கத்து வீட்டிலிருந்து ஆளே வந்துவிட்டது. சோயாவை வேகவைத்துப் புளிக்கவிட்டுச் செய்கிற துங்ரிம்பாய் என்று பிறகு தெரிந்தது. ஊரிலிருந்து பொட்டலம் கட்டி எடுத்து வந்திருக்கிறார்கள். அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சண்டைக்குத்தான் படி ஏறினாள். அரைமணி கழித்து ஒரு கிண்ணத்தோடு இறங்கி வந்தாள்.

"டேய், கருவாட்டுத் துவையல்டா. உங்க பாட்டி சுட்டு அரைப்பாளே, அதே பக்குவம்."

சுட்ட கருவாடு, பச்சைமிளகாய், வெங்காயம். அவர்கள் துங்தாப் என்கிறார்கள். அன்றைக்கு ராத்திரி அம்மா கூட ஒரு கரண்டி சோறு வாங்கிக்கொண்டாள்.

அவர்கள் ரெண்டரை மாதம் இருந்தார்கள். அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும். கோங்குக்குக் காசி, இங்கிலீஷ், கொஞ்சம் இந்தி. எப்படித்தான் பேசிக்கொண்டார்களோ, மத்தியானமெல்லாம் மாடிப்படியில் உட்கார்ந்து ஓயாமல் பேசினார்கள். கோங் அவளை 'மெய்' என்று கூப்பிட ஆரம்பித்தார். அம்மா என்று அர்த்தம். "பொய் இல்லாம கூப்பிடறாப்பா" என்றாள் இவள். முறத்தில் அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்த ஒருநாள், அதில் தப்பிக் கிடந்த நெல்லை எடுத்துக் காட்டி இது என்ன என்றாள். க்பா. அரிசி? காவ். ஆக்கிய சோறு? ஜா. அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். "பாரு, நம்மள மாதிரியே மூணுக்கும் மூணு பேர் வச்சிருக்காங்க. உங்க இங்கிலீஷ்காரன் எல்லாத்துக்கும் ரைசுன்னுடறான்." எம்.ஏ. படித்த எனக்கு அதுவரை இது தோன்றியதில்லை.

ஆபரேஷன் தேதி குறித்ததும் கோங் முதலில் போன் செய்தது கணவருக்கு இல்லை, தன் தாய்மாமனுக்கு. அவர்கள் மொழியில் க்ஞி. அந்த வீட்டில் பெரிய முடிவுகளுக்கு அவர் வார்த்தை வேண்டும். "காது குத்த மாமன் மடி வேணும்ல, அது மாதிரி" என்று அம்மா எனக்கே விளக்கினாள்.

அம்மா போன வருஷம் தை மாதம் தவறிவிட்டாள். சேதி சொன்னபோது கோங் போனில் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "பத்து நாள் இங்கே வந்து இரு" என்றார். எனக்கும் அந்த வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. ஜூலையில் காட்பாடியில் ரயில் ஏறினேன்.

குவாஹாத்திக்கு ரெண்டு நாளுக்கு மேல் ஆகிறது. அங்கிருந்து ஷில்லாங் சுமார் நூறு கிலோமீட்டர், ஷேர் சுமோவில். ஷில்லாங்கிலிருந்து சோரா இன்னும் ஐம்பத்துச் சொச்சம். சோரா என்றால் பள்ளிக்கூடத்தில் நாம் மனப்பாடம் செய்த சிரபுஞ்சிதான். வெள்ளைக்காரன் வாயில் சோரா செர்ரா ஆகி அப்படிச் சிதைந்த பெயர். ஊர்க்காரர்கள் சோரா என்றே சொல்கிறார்கள், நாமும் அப்படியே சொல்லலாம். 1860 ஆகஸ்ட் முதல் 1861 ஜூலை வரை, ஒரே வருஷத்தில் இங்கே பெய்தது 26,461 மில்லிமீட்டர். வேலூரில் ஒரு வருஷத்துக்கு ஆயிரத்தைத் தொட்டாலே நல்ல மழை. இவ்வளவு பெய்தும் டிசம்பர், ஜனவரியில் சோராவில் தண்ணீர்ப் பஞ்சம். பெய்வதெல்லாம் பாறையில் வழிந்து பள்ளத்தில் இறங்கி வங்கதேசத்துச் சமவெளிக்குப் போய்விடுகிறது. "குளிர்காலத்தில வந்து பாரு, நாங்களும் உங்களை மாதிரி குடம் தூக்குவோம்" என்றார் கோங்.

வேர்ப் பாலம் போகாமல் வந்தாயா என்று கேட்பீர்கள், போனேன். தீர்னா கிராமத்திலிருந்து நோங்ரியாத்துக்கு மூவாயிரத்துக்கு மேல் படி. இறங்கும்போது பாட்டு, ஏறும்போது பிராணசங்கடம். அதைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டதால் எனக்குப் பிடித்த ஒன்றை மட்டும் சொல்கிறேன். சீமை ஆலமரத்தின் இளம் விழுதுகளை எதிர்க்கரைக்குக் கூட்டிப் போக, பாக்குமரத் தண்டைப் பிளந்து, உள்ளே குடைந்து, வாய்க்கால் மாதிரி குறுக்கே போட்டு அதற்குள் விடுகிறார்கள். நாலு பேர் நடக்கிற பாலமாக அது இறுகப் பல வருஷம் ஆகும். பாக்குமரம் அதற்குள் மட்கிப் போயிருக்கும்.

மற்றபடி பத்து நாளும் அடுப்படியில்தான் இருந்தேன். கோங்கின் தாயாருக்குப் பல் இல்லை. க்வாயைச் சின்ன உரலில் இடித்துப் போட்டுக்கொள்கிறார். டொக், டொக் என்று அந்தச் சத்தம் மழையோடு கேட்டுக்கொண்டே இருக்கும். எங்கள் பாட்டி வீட்டுத் திண்ணையில் கேட்ட அதே சத்தம். வெல்லம் சேர்த்த அரிசிமாவில் எண்ணெயில் பொரித்தெடுக்கிற புக்லைன் கொடுத்தார்கள். அதிரசத்துக்கு அது சித்தி மகள். ஆறாம் நாள் ஒரு மணி நேரம் வெயில் வந்தது. "கா ஸ்ங்கி!" என்று கோங்கின் மகள் வாசலுக்கு ஓடினாள். காசி மொழியில் சூரியன் பெண், சந்திரன் ஆண். தம்பி தப்பாகப் பார்த்தான் என்று அக்கா அவன் மூஞ்சியில் அடுப்புச் சாம்பலை எறிந்தாளாம், நிலாவில் தெரிகிற கறை அதுதான் என்று கதை. நமக்கு அங்கே முயல் இருக்கிறது என்றேன். அந்தப் பெண் ராத்திரி மேகம் விலகுமா என்று காத்திருந்து ஏமாந்துபோனாள்.

எல்லாம் இப்படித் தித்திப்பு என்று நினைக்க வேண்டாம். ஒரு ஜாதோ கடையில் (பன்றிக்கறிச் சோறு, காலையிலேயே கிடைக்கிறது) பக்கத்து பெஞ்சில் இருந்த பையன்கள் என்னைப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். 'ட்கார்' என்ற சொல் மட்டும் காதில் விழுந்தது. கூட வந்த கோங்கின் அக்கா மகனுக்கு முகம் சுருங்கிவிட்டது. சமவெளியிலிருந்து வந்த அன்னியன் என்று பொருளாம். சொல்கிற தொனியைப் பொறுத்துச் சும்மாவும் இருக்கும், குத்தலாகவும் இருக்கும் என்றான். எங்கள் தெருவில் உங்களை என்ன சொல்வோம் தெரியுமா என்று நானும் சொன்னேன். சிரித்தான். வேலூரிலேயே அது தெரியும் என்றான்.

ஏழாம் நாளோ எட்டாம் நாளோ, மழைக்கு ஊரே அடைந்து கிடந்த ராத்திரி. அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். கோங், அவர் தாயார், மூலையில் கோங்கின் அண்ணன். அண்ணனுக்கு மணமுறிவாகிப் பல வருஷம். அன்றைக்குத் திரும்பி வந்தவர் இந்த வீட்டில்தான் இருக்கிறார். "மெய்யோட வீடு இப்ப யாருக்கு?" என்று கோங் கேட்டார்.

"எனக்குத்தான். அக்கா ஒரு பிரச்சினையும் பண்ணலை. விடுதலைப் பத்திரத்துல கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டாங்க." கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

"அப்ப அவங்க வீடு எது?"

"குடியாத்தத்துல. மாமா வீடு."

"அது அவங்க புருஷன் வீடு. சண்டை வந்தா எங்கே வருவாங்க?"

"எங்க வீட்டுக்குத்தான். எப்ப வேணா வரலாமே."

"உன் பொண்டாட்டிகிட்டக் கேட்டுட்டா?"

குத்தலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எனக்குத்தான் பதில் வரவில்லை.

காசிகளிடம் குலம் தாய்வழி. பூர்வீக வீடு கடைசி மகளுக்கு. அவள் கா காத்து. அவள் நினைத்தால் விற்றுவிடுகிற சொத்து இல்லை அது. அப்பா அம்மாவைக் கடைசிவரை பார்ப்பது, குடும்பச் சடங்குகள், கல்யாணமாகாத மாமன், பிரிந்து வந்த அண்ணன், எல்லாம் அவள் பொறுப்பு. யாருக்கு எங்கே என்ன முறிந்தாலும் திரும்பி வர அந்த அடுப்பு இருக்க வேண்டும். பெண்கள் ராஜ்ஜியம் என்று பத்திரிகைகளில் எழுதுவதை இங்கே யாரும் ஒத்துக்கொள்வதில்லை. "வீடு அவளோடது, ஊர்ப் பஞ்சாயத்து எங்களோடது" என்றார் அண்ணன். ஊர் தர்பாரில் காலங்காலமாக ஆண்கள்தான். ஆண்களுக்கும் சொத்தில் பங்கு வேண்டும் என்று கேட்கிற அமைப்பும் இந்த மலையில் இருக்கிறது. கோங்குக்கு வேறு குறை. "அக்கா ரெண்டு பேரும் ஷில்லாங்ல சம்பாதிக்கறாங்க. நான் இந்த அடுப்பை விட்டு ஒரு வாரம் நகர முடியாது. வேலூருக்கு வந்த ரெண்டரை மாசம்தான் எனக்கு லீவு."

தாய்க்கு ஆபரேஷன் நடந்த நாட்களை ஒருத்தர் லீவு என்று சொல்லிக் கேட்டது அப்போதுதான்.

எங்கள் பக்கம் சட்டம் இல்லாமல் இல்லை. அப்பா அம்மா சொந்தமாகச் சேர்த்ததில் பெண்ணுக்குச் சம பங்கு என்பது 1956லிருந்தே இருக்கிறது. பூர்வீகத்திலும் உண்டு என்று தமிழ்நாட்டில் 1989லும் நாடு முழுக்க 2005லும் வந்தது. சட்டம் கொடுத்ததைச் சிரித்த முகத்தோடு எழுதி வாங்கிக்கொள்ள எங்களுக்குத் தெரியும். சீர் செய்தாச்சே என்போம். நானும் சொன்னேன். அக்கா கையெழுத்துப் போட்டுவிட்டு, பேனாவை மூடி என்னிடம் கொடுத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று கிளம்பினது சோராவில் அந்த அடுப்பு முன்னால் ஞாபகம் வந்தது. அன்றைக்கு அவள் வீட்டுக்குக்கூட வரவில்லை.

பேச்சை மாற்றத்தானோ என்னவோ, கிழவி ஒரு கதை சொன்னார். கோங் மொழிபெயர்த்தார். ஒரு பணக்காரனும் ஏழையும் சிநேகிதர்கள். பணக்காரன் ஏழை வீட்டுக்கு வந்தான். கொடுக்க ஒரு பிடி அரிசி இல்லை. அவமானம் தாங்காமல் ஏழை உயிரை விட்டான், மனைவியும் விட்டாள். பார்த்த சிநேகிதனும் அங்கேயே உயிரை விட்டான். திருட வந்து ஒளிந்திருந்தவன், பழி தன்மேல் வரும் என்று அவனும் செத்தான். கடவுள் பார்த்தார். பணக்காரன் பாக்கானான், ஏழையும் மனைவியும் வெற்றிலையும் சுண்ணாம்பும் ஆனார்கள், திருடன் புகையிலை. அதற்கப்புறம் எந்த ஏழை வீட்டிலும் வந்தவருக்குக் கொடுக்க இது ஒன்றாவது இருந்தது.

சொல்லி முடித்துவிட்டுக் கிழவி உரலை எடுத்தார். செத்துப்போனவர்களைப் பற்றிச் சொல்லும்போது, கடவுள் வீட்டில் க்வாய் மென்றுகொண்டிருக்கிறார் என்று சொல்வது அவர்கள் வழக்கம். மெய்யும் இப்ப அங்கேதான் மென்னுட்டிருப்பாங்க என்றார் கோங். அம்மா இடுப்பை விட்டு இறங்காத அந்தச் சுருக்குப் பை என் பீரோவில் இருக்கிறது. அப்போதுதான் அழுதேன். காரியத்தன்றுகூட அழவில்லை.

கிளம்பும்போது தோலோடு பத்துப் பன்னிரண்டு பாக்கைத் துணியில் முடிந்து கொடுத்தார். "உன் அக்காவுக்கு." குப்லே என்றேன். நன்றிக்கும் போய்வருகிறேனுக்கும் அந்த ஒரே சொல்தான்.

காட்பாடியில் இறங்கி வீட்டுக்குப் போகவில்லை. ஸ்டேஷன் வாசலில் அஞ்சு ரூபாய்க்கு வெற்றிலை வாங்கிக்கொண்டு குடியாத்தம் பஸ் பிடித்தேன். அக்கா கதவைத் திறந்து, "என்னடா, சொல்லாம கொள்ளாம" என்றாள். தோலை உரித்து, நாலாக நறுக்கி, சுண்ணாம்பு தடவிக் கொடுத்தேன். அம்மா பெண்ணல்லவா, கேள்வி கேட்காமல் வாயில் போட்டுக்கொண்டாள்.

"அக்கா, அந்தப் பத்திரம் இருக்குல்ல..."

"இரு இரு. காது எரியுதுடா. என்ன எழவுடா இது, முதல்ல தண்ணி எடு."