வேலி ஓட்டையால் ஒரு வழி

ரொறன்ரோவுக்கு வந்த முதல் மாதம், பால் வாங்கப் போவதே எனக்குப் பெரிய பயணம். ஸ்காபரோவில் எல்ஸ்மியர் வீதிக்குக் கிட்ட ஒரு பழைய அடுக்குமாடியில், ஒன்பதாம் மாடியில் இருந்தோம். யன்னலால் பார்த்தால் பின்பக்கத்துப் பிளாசாவின் பெயர்ப்பலகை தெரியும், எழுத்தைக்கூட வாசிக்கலாம். ஆனால் கீழே இறங்கி, கார் போகும் பாதையால் பெரிய வீதிக்கு வந்து, சந்தியில் திரும்பி, பிளாசாவின் வாகனத் தரிப்பிடத்தை முழுதாகக் கடந்து கடை வாசலை அடைய இருபத்திரண்டு நிமிடம். தை மாதக் குளிரில், திரும்பி வரும்போது பால் பையைப் பிடித்த விரல்கள் விறைத்துவிடும்.

லிஃப்டில் கண்ட ஒரு அக்காதான் கேட்டார், "ஏன் தம்பி அந்தப் பக்கத்தால சுத்திப் போறீங்கள்? பின்னால குப்பைத் தொட்டியடியில வேலி ஓட்டை இருக்கெல்லோ. அதால போனா ஆறு நிமிசம்."

போய்ப் பார்த்தேன். கம்பி வலையை ஒரு ஆள் குனிந்து போகுமளவுக்கு யாரோ வெட்டி மடக்கியிருந்தார்கள். வெட்டிய கம்பி முனைகளில் பழைய சீலைத் துண்டு இறுக்கிச் சுற்றியிருந்தது, போகிறவர்களின் ஜாக்கெட் கிழியாமல் இருக்க. அந்தப் பக்கம் பனியில் நடந்து நடந்து இறுகிய ஒற்றையடிப் பாதை. வழுக்கும் இடத்தில் உப்பும் தூவியிருந்தது. ஓட்டையை வெட்டியவரை விட, சீலை சுற்றியவரைத்தான் நான் அதிகம் நினைத்துக்கொள்வேன்.

இவ்வளவு கிட்ட இருக்கும் இரண்டு இடங்களுக்கு நடுவே ஏன் வேலி போட்டார்கள் என்ற கேள்வி என்னை விடவில்லை. வேலைக்குப் போகும் பஸ்ஸில் இருந்து ஊரைக் கவனிக்கத் தொடங்கினேன். லோறன்ஸ், எல்ஸ்மியர், ஷெப்பர்ட், ஃபின்ச் என்று கிழக்கு மேற்காக ஓடும் பெரிய வீதிகள் ஒன்றுக்கொன்று ஏறக்குறைய 2 கிலோமீற்றர் இடைவெளியில் இருக்கின்றன. காரணம் இங்கே கார் வருவதற்கு முந்திய காலத்தில் இருக்கிறது. 1790களில் இந்த நிலத்தை அளந்தவர்கள் 66 அடிச் சங்கிலியால் அளந்தார்கள். நூறு சங்கிலிக்கு ஒரு வீதி, நடுவே 200 ஏக்கர் பண்ணைகள். பண்ணைகள் போய்விட்டன, கோடுகள் மட்டும் அப்படியே நிற்கின்றன. நாங்கள் பஸ்ஸுக்குக் காத்து நிற்பது பழைய வயல் வரம்பில்தான்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அந்தப் பண்ணைகளில் வீடுகள் எழுந்தன. 1953இல் தொடங்கிய டொன் மில்ஸ் என்ற குடியிருப்புப் பகுதி அதற்கு முன்மாதிரி. வீடு ஒரு பக்கம், கடைத்தொகுதி நடுவில், தொழிற்சாலை வேறாக. உள்வீதிகளை வேண்டுமென்றே வளைத்தார்கள், வெளி வாகனங்கள் ஊடறுத்து ஓடாமல் இருக்க. பிள்ளைகள் விளையாட நல்ல ஏற்பாடு, அதை மறுக்கமாட்டேன். ஆனால் வாசலில் கார் நிற்கும் குடும்பத்தை மனதில் வைத்துப் போட்ட கணக்கு அது. பிறகு 60களிலும் 70களிலும் அடுக்குமாடிகள் வந்தன. பெரிய வீதியோரம், சுற்றிப் புல்வெளி, வேலி. கீழ்மாடியில் ஒரு சின்னக் கடை வைக்கக்கூட விதி பெரும்பாலும் இடம் தரவில்லை. அந்த விதியைத் தளர்த்த மாநகர சபை 2014 வரை எடுத்தது. எங்கள் கட்டடத்தின் கீழ்மாடியில் இன்றும் உடுப்புத் தோய்க்கும் அறை மட்டும்தான்.

நகரத்தின் திட்ட வரைபடத்தில் குடியிருப்புப் பகுதிகளுக்கு மஞ்சள் நிறம். அந்த மஞ்சளின் பெரும்பகுதியில் நெடுங்காலம் தனி வீடுதான் கட்டலாம். புதிதாக வந்த சனம் எங்கே இருந்தது? பேஸ்மென்ட்களில். என் சித்தப்பா குடும்பம் ஏழு வருடம் அப்படி இருந்தது. வெளியே பார்த்தால் அது ஒரு வீடு, உள்ளே மூன்று அடுப்பு எரிந்தது. 2023 மே மாதம்தான் நகரம் முழுவதும் ஒரு காணியில் நான்கு குடியிருப்புகள் வரை கட்டலாம் என்று சபை முடிவெடுத்தது. சனம் எப்போதோ வாழத் தொடங்கியதைச் சட்டம் பின்னால் வந்து ஒப்புக்கொண்டது என்றுதான் எனக்குப் பட்டது. சித்தப்பாவிடம் சொன்னேன். "இப்பதானோ?" என்றார். அப்புறம் கனநேரம் பேசவில்லை.

எங்கள் வேலி ஓட்டையை நிர்வாகம் இரண்டு தடவை அடைத்தது. இரண்டு தடவையும் ஒரு கிழமைக்குள் திறந்துவிட்டது. மூன்றாம் முறை, அக்கா வீடு வீடாகத் தட்டிக் கையெழுத்து வாங்கினார், நானும் இரண்டு மாடி ஏறி இறங்கினேன். தள்ளுவண்டியில் குழந்தை கொண்டு போகிற தாய்மார், ஊன்றுகோல் பிடித்த வயதானவர்கள் எல்லாரும் போட்டார்கள். போன இலையுதிர் காலத்தில் அதே இடத்தில் ஒரு சின்னப் படலை வைத்தார்கள். படலைக்கும் பிளாசாவின் தாருக்கும் நடுவே இன்னும் பத்தடி மண்தான். மழை நாளுக்கென்று யாரோ அதில் ஒரு பலகை போட்டிருக்கிறார்கள்.